மாதாவை உயரத்தில் வைத்த வீடு

சுண்ணாம்பாற்றங்கரையில் தென்னந்தோப்போடு ஒரு வீடு விலைக்கு வந்தது. பின்பக்கம் படகு கட்டப் படித்துறை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. முடித்துவிடலாம் என்று தரகரிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது என் மனைவி கூடத்தில் இருந்த மாதா சொரூபத்தைத் தொட்டுக் கும்பிடப் போனாள். கை எட்டவில்லை. சுவிட்சுகளும் தலைக்கு மேலேதான் இருந்தன.

"ஏம்மா, மாதாவ இவ்ளோ ஒசரத்துல வெச்சிருக்கீங்க?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"எல்லாம் அழகுக்குத்தாங்க" என்று தரகர் முந்திக்கொண்டார். அந்த அம்மா மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க முன்னாடி பொய் சொல்ல முடியாது. புயல் மழையில ஆளுயரத்துக்குத் தண்ணி வந்துச்சி. படகு அடிச்சிக்கினு போயிடப்போவுதுன்னு கட்டப் போனாரு எங்க வீட்டுக்காரரு. திரும்பி வரல. அப்புறந்தான் எல்லாத்தையும் மேல ஏத்துனேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இப்போதெல்லாம் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன் சுவிட்சு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

நாங்கள் தப்பித்தோம். மூலக்குளத்து வாடகை வீட்டில் படுத்து மழைச் சத்தம் கேட்கும்போது தப்பித்ததில் ஒரு நிம்மதியும் இல்லை. அந்த வீடு இன்னும் விற்கவில்லை. அந்த அம்மா அங்கேதான் தனியாக இருக்கிறார்.

- ஒரு வாசகர், புதுச்சேரி