உள்ளூர் வண்டிக்கு முன்வரிசை

லெஸ் ட்ரெம்பாத்துக்கு வெளிநாட்டுக் கார் என்றால் வேப்பங்காயாகக் கசக்கும். அடிலெய்டுக்கு வடக்கே, எலிசபெத் என்ற ஊரில் இருந்த கார் தொழிற்சாலையில், செய்து முடித்த வண்டியில் குறை தேடும் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. வாசலை ஒட்டிய நிறுத்துமிடத்துக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. நிர்வாகம் போட்டதல்ல, தொழிலாளர்களே போட்டுக்கொண்டது. நம் கையால் செய்த வண்டிக்கு முன்வரிசை. கொரியாவிலும் தாய்லாந்திலும் பிறந்தவை வேலிக்கு அப்பால் சேற்றில் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் போலீஸ், நீதிபதி எல்லாமே லெஸ்தான்.

ஒரு மழைநாளில் வயரிங் பிரிவு க்வாங், புதிதாக வாங்கிய கொரியக் காரை முன்வரிசையில் நிறுத்திவிட்டான்.

“யோவ் க்வாங், என்னய்யா இது பிஸ்கட் டப்பா? கொண்டுபோய்ச் சேத்துல போடு,” என்றார் லெஸ்.

“மழை கொட்டுது லெஸ். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்.”

“உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறே. அதுக்கு இந்தச் சேறு எவ்வளவோ தேவல.”

எல்லோரும் சிரித்தார்கள். க்வாங் நனைந்துகொண்டே வண்டியை எடுத்தான். அடுத்த ஆட்குறைப்பில் முதல் ஆளாக அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் நம் பெரிய கார்கள், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் மாற்றிக்கொண்டு, வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறின. அங்கே பணக்காரப் பிள்ளைகள் டயர் புகையப் புகைய வட்டமடிக்கும் வீடியோவை லெஸ் கேன்டீனில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டுவார். உலகமே நம் வண்டிக்கு அடித்துக்கொள்கிறது என்று பெருமை. அடித்துக்கொண்டது உண்மைதான், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வாங்கவில்லை. பிறகு சுரங்கங்கள் கொழித்தன, நம் டாலர் ஏறியது. ஊரே பாலித் தீவுக்கு மலிவாக விடுமுறை போய் வந்தது. டாலர் பலமாகிவிட்டது என்று டிவியில் பூரித்தார்கள். அந்தப் பலத்தில் நம் காரின் விலை வெளிநாட்டில் எட்டாத உயரத்துக்குப் போய், ஏற்றுமதி படுத்துவிட்டது. அரசாங்கமும் கையை விரித்தது. 2017 அக்டோபரில் தொழிற்சாலைக் கதவைச் சாத்தினார்கள். அன்று வாசலில் கூடி அழுத ஊர்க்காரர்களில் பாதிப்பேர் ஜப்பான் காரில் வீடு திரும்பினார்கள் என்று லெஸ் சொல்வார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வராது.

ஐம்பத்தெட்டு வயதில் யார் வேலை தருவார்கள்? மறுபயிற்சி வகுப்பில் நேர்முகத்துக்குப் போனால் எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். காபி போடக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் மனைவி க்ளெனிஸின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒருநாள் அவள் பொறுமை போய்விட்டது.

“துறைமுகத்துல டிரைவர் கேக்கறாங்களாம். கப்பல்லேர்ந்து காரை இறக்கற வேலை.”

“வெளிநாட்டுக் காரையா?”

“இல்ல, எலிசபெத்துல செஞ்ச காரு கப்பல்ல வந்து இறங்குது! இன்னிக்கு வேலையில்லாம வந்தே, உன்னைத்தான் சேத்துல நிறுத்துவேன்.”

துறைமுகத்தில் மேற்பார்வையாளனாக நின்றவன் க்வாங்.

“வாய்யா,” என்றான் க்வாங். பழசை எடுக்கவேயில்லை, அதுதான் லெஸுக்கு இன்னும் சங்கடம். “இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக் காட்டு. காரை எடு, களத்துல வரிசையா நிறுத்து, அடுத்ததுக்கு ஓடி வா. நின்னா வேலை கிடையாது. புரியுதா?”

“புரியுது.”

முதல் காரைக் கப்பலின் சாய்தளத்தில் இறக்கிய லெஸ், கீழே வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கினார். கதவைச் சாத்திக் காதைச் சாய்த்துக் கேட்டார். கதவிடுக்கில் நகத்தை ஓட்டினார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று மனம் தவித்தது. கிடைக்கவில்லை. சனியன், நன்றாகத்தான் செய்திருந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் திட்டியதெல்லாம் வீண். பின்னால் ஹாரன் அலறியது. இரண்டாவது காரிலும் இதே கூத்து, மூன்றாவதிலும் இதே கூத்து.

நான்காவது காரில் பின்கதவு விளிம்பு ரப்பர், அதன் பள்ளத்திலிருந்து பிதுங்கியிருந்தது. அப்பாடா! ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டியவர், மண்டியிட்டுக் கட்டைவிரலால் அதை அழுத்தி உள்ளே உட்கார வைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி பின்சீட்டில் குழந்தையை உட்கார வைப்பாள், மழைத்தண்ணீர் அதன் மேல் ஒழுகுமே.

க்வாங் ஓடிவந்தான். “உன் பின்னால கப்பலே நிக்குதுய்யா! என்ன பண்றே?”

“ரப்பர்... வெளிய வந்திருந்துது.”

க்வாங் கதவைத் திறந்தான், சாத்தினான், தடவிப் பார்த்தான். க்ளெனிஸிடம் என்ன சொல்வது என்று லெஸ் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

“டிரைவர் வேலைக்கு நீ லாயக்கில்ல. நாளைக்கு அந்தக் கொட்டகைக்கு வா. இறங்கற வண்டியில கோளாறு பார்த்துச் சரிபண்ண ஆள் தேடிக்கிட்டிருக்கேன். இங்கேர்ந்து போற ஒரு வண்டியப் பத்தியும் வாங்கறவன் வாயத் திறக்கக் கூடாது. செய்வியா?”

லெஸ் தலையாட்டினார். சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷமாக இருந்தது வெட்கமாகவும் இருந்தது.

வீட்டு வாசலிலேயே க்ளெனிஸ் நின்றாள். “கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“காரை இறக்கற வேலைதானே?”

“இல்ல,” என்றார் லெஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். “பழைய வேலையேதான்.”