மனுவில் அடித்த சொல்

எங்கள் பக்கம் சித்திரவதை என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தால் சித்திரவதை. மருமகள் வைத்த குழம்பும் சித்திரவதை. நானும் வாய்க்கு வந்தபடி சொல்லித் திரிந்தவள்தான். இப்போது யாராவது சொன்னால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். விவாகரத்து மனு என்றால் பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றுவேன். ‘உடலளவிலும் மனதளவிலும் சொல்லொணாச் சித்திரவதை செய்து’ என்ற வரியில் கை வைக்கமாட்டேன். எத்தனையோ பெண்கள் அந்த ஒரே வரியில்தான் கஷ்டப்பட்டார்கள்.

போன வருடம் ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி வந்தாள். விவரத்தைக் கேட்டு அடித்துவிடச் சொல்லி வக்கீல் அனுப்பியிருந்தார். கடையிலிருந்த ஆண்கள் போகும்வரை காத்திருந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு புருஷனைப் பற்றிச் சொன்னாள்.

“அடிக்கல்லாம் மாட்டாருக்கா. மில்லுக்குப் போகும்போது கக்கூஸப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருவாரு. வாசக் கதவும் வெளிய பூட்டு. வந்த பொறவும் ஒடனே தரமாட்டாரு. நான் கேட்டு நிக்கணும். நிக்கிறதப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாரு. தண்ணி குடிக்கிறதையே கொறச்சுட்டேன்க்கா.”

எனக்கு உடம்பு கூசியது. இதைப் போய் எப்படி அடிப்பது, ஜட்ஜ் படிப்பார், குமாஸ்தா படிப்பார், இவள் மானம் என்னாவது என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன். பழைய வரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். வக்கீலும் அவசரத்தில் புரட்டிப் பார்த்துத் தாக்கல் செய்துவிட்டார்.

விசாரணையன்று நானும் கோர்ட்டில் பின்னால் நின்றேன். புருஷன் தரப்பு வக்கீல் கேட்டார்.

“சித்திரவதைன்னு போட்டிருக்கே, அடிச்சாரா?”

“இல்ல.”

“சாப்பாடு போடலையா?”

“போட்டாரு.”

“பெறகு என்னம்மா சித்திரவதை?”

யாரோ சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கக்கூஸைப் பூட்டியதைச் சொல்ல ஆரம்பித்தாள். வக்கீல் மனுவைத் தூக்கிக் காட்டினார். “இதுல அப்படி ஒரு வரி இல்லையே. இப்ப யாரோ சொல்லிக்கொடுத்து இந்தப் பொண்ணு சொல்லுது.” அவர் சொன்னதில் பாதி உண்மை. மனுவில் இல்லைதான்.

மனு தள்ளுபடியானது. அதன் பிறகுதான் அகராதியை எடுத்துப் பார்த்தேன். உறுப்பு உறுப்பாகச் சிதைத்துக் கொல்வது என்று பொருள் போட்டிருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொருத்தி சொல்வதையும் சொன்னபடியே அடிக்கிறேன். அந்த ராஜபாளையத்துப் பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தள்ளுபடியான அன்று அவள் நேராகக் கடைக்குத்தான் வந்தாள். அதுவரை அவளைத் தன் வீட்டில் வைத்திருந்த அண்ணன், புருஷன் வீட்டிலேயே கொண்டுபோய் விட ஆட்டோவோடு தெருவில் நின்றான். திட்டுவாள் என்று பயந்தேன். திட்டியிருக்கலாம்.

“நான் சொன்னத நீங்க எழுதலையாக்கா?”

“அதுக்குத்தாம்மா சித்திரவதைன்னு போட்டேன்” என்றேன். வெட்கங்கெட்ட பதில்.

அண்ணன் ஹாரனை அழுத்தினான். போவதற்குத் திரும்பியவள், வாசற்படியில் நின்று கேட்டாள்.

“இங்க கக்கூஸ் இருக்காக்கா? அங்க போறதுக்கு முன்ன ஒருக்கா போயிட்டுப் போறேன்.”