உடம்பில் இறங்கிய குளிர்

இத்தோவுக்கு முப்பத்தேழு வயது. மலையூரான அஸ்ரூவில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹம்மாமில், அதாவது பொது நீராவிக் குளியலறையில், பதினாறு வருடமாகப் பெண்களுக்கு முதுகு தேய்க்கிறாள். ஆள் ஒல்லி, கை மட்டும் இரும்பு. அவள் தேய்த்த முதுகில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்று ஊரில் பேச்சு. கணவன் விட்டுப் போனதற்கு யாராவது பரிதாபப்பட ஆரம்பித்தால் அந்த முதுகுக்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் விழும். பேச்சு தானாக நின்றுவிடும்.

பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தபோது தோள்பட்டைகளுக்கு நடுவே ஒன்று வந்து உட்கார்ந்தது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ முழங்கையால் அழுத்துவதுபோல. தாடையும் கடுத்தது. கடைவாய்ப் பல்தான் என்று கிராம்பு வைத்தாள். வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒருநாளும் நிற்காதவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

அந்த ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், குளிர். வியர்த்த உடம்போடு வாசலுக்கு வந்தால் குளிர் உள்ளே இறங்கிவிடும். இறங்கியது முதுகு, மூட்டு, வயிறு என்று இஷ்டப்பட்ட இடத்தில் குடியேறும். வைத்தியமும் ஒன்றுதான்: சூட்டறைக் கல்லில் படுத்து அதை விரட்டுவது. நாள் முழுக்கச் சூட்டுக்கும் வாசலுக்கும் அலைகிறவளுக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குக் குளிர் பிடிக்கும்?

ஹம்மாமில் எல்லோருக்கும் வியர்க்கும். அதனால் இத்தோவுக்கு வியர்த்ததை யாரும் கவனிக்கவில்லை, இத்தோ உட்பட.

மஹ்ஜூபாவின் முதுகில் கை வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மஹ்ஜூபா மருத்துவமனை ஜன்னலில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள்.

"இத்தோ, உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? எனக்கு இங்க கண்ணே அவியுது."

"குளிர் புடிச்சிருக்குக்கா. சரியாப் போயிடும்."

பக்கத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த ஹத்தூ சும்மா இருப்பாளா? "காலையிலேர்ந்து சொல்றேன், கல்லு மேல படுடி, ரெண்டு வாளி சுடுதண்ணி ஊத்துறேன்னு. மகாராணிக்கு நேரமில்ல."

"வேற என்ன பண்ணுது?" என்றாள் மஹ்ஜூபா.

"முதுகு. தாடை. கொஞ்சம் குமட்டல்."

"நெஞ்சு?"

"நெஞ்சு வலிச்சா எனக்குத் தெரியாதாக்கா?"

மஹ்ஜூபா எழுந்து உட்கார்ந்தாள். "பதினாலு வருஷமா அந்த ஜன்னல்ல இருக்கேன். நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு வர்ற ஆம்பளைய உள்ள தூக்கிட்டு ஓடுறாங்க. முதுகு, குமட்டல்னு வர்ற பொம்பளைய பெஞ்சுல உக்கார வைக்கிறாங்க. பெஞ்சுலயே போனவளுங்க ரெண்டு பேருக்கு நான்தான் சீட்டு எழுதினேன். ஒருத்திக்கு உன் வயசு. எழுந்திரு."

"பெருநாள் நேரம். பதினோரு பேர் காத்திருக்காங்க."

"அழுக்கோட இருந்து எவளும் சாகல. நட."

இத்தோவுக்குக் கல்தான் வேண்டியிருந்தது. ஆவிக்குள் கருப்பாகத் தெரிந்த அந்தக் கல்லில் ஒரு நிமிடம் சாய்ந்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது. விட்டிருந்தால் படுத்திருப்பாள். மஹ்ஜூபா விடவில்லை. பாதி தேய்த்த முதுகின்மேல் அங்கியை மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து டாக்ஸியில் ஏற்றினாள்.

மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர் இத்தோவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், வயதைக் கேட்டார், பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதப் போனார்.

"ஈசிஜி எடுங்க டாக்டர்" என்றாள் மஹ்ஜூபா. "எடுக்காம அனுப்பினா, எடுக்கலன்னு சீட்டுல என் கையாலயே எழுதுவேன்."

அவளுக்காக எடுத்தார். காகிதம் ஒரு சாண் வெளியே வந்ததும் நர்ஸைக் கத்திக் கூப்பிட்டார். பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இத்தோவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

இதயக் குழாயில் இருந்த அடைப்பைக் கரைக்க ஊசிமருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் முதுகின் அழுத்தம் விட்டது. பிழைத்துக்கொண்டாள். டாக்டர் கட்டில் ஓரம் வந்து நின்றார். இப்போது அவர் குரலில் மரியாதை இருந்தது.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் உண்டா?"

"யாருக்கும் இல்ல."

"அம்மா, அப்பா?"

"அப்பா இருக்காரு. அம்மா நாப்பத்தோரு வயசுல போயிட்டா, குளிர் இறங்கி. அக்கா முப்பத்தொம்பதுல. அவளுக்கும் முதுகுலதான்..."

 டாக்டர் எழுதுவதை விட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

இத்தோ கை நீட்டி மஹ்ஜூபாவின் போனைக் கேட்டாள். தங்கை ஹன்னூ கெனிஃப்ராவில் இருக்கிறாள், முப்பத்திரண்டு வயது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளையாக எடுத்தாள்.

"ஹன்னூ, உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன். நாலு நாளா லேசா குளிர் புடிச்சிருக்கு. இப்பதான் ஹம்மாமுக்குக் கிளம்பிட்டிருக்கேன்."