மழைப் பாடம்

ஜப்பானிய மொழித் தேர்வு முடிந்ததும், என்னிடமிருந்த சொற்பட்டியல் புத்தகத்தையும் இலக்கணப் புத்தகத்தையும் இலவசமாகத் தருவதாக இணையத்தில் போட்டிருந்தேன். ஆக்லாந்தின் ரானுயியிலிருந்து நான் இருக்கும் ஆல்பனிக்கு வந்து வாங்கிக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. வாய் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"பரீட்சை எப்ப எழுதப் போறீங்க, அங்கிள்?"

"பரீட்சைக்கில்லை, தம்பி. ஒசாக்காவில இருந்த மகள் தவறிட்டா. மருமகன் ஜப்பான்காரன். வாற மாசம் அவனைப் பாக்கப் போறன்."

"போன்லயே மொழிபெயர்த்துக் காட்டலாமே?"

"காட்டலாம். அழுகிறவன்ர முகத்துக்கு முன்னால போனை நீட்டிறதோ?"

நான் புத்தகங்களைப் புரட்டினேன். ரயில் நிலையம், கடைத்தெரு, மழை எல்லாம் இருந்தன. துக்கம் விசாரிக்க ஒரு வரிகூட இல்லை. அதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மழைப் பாடத்தை விரித்தார்.

"இது காணும், தம்பி, போதும். எங்கட செத்த வீடுகளிலயும் முதல்ல மழையைத்தானே கதைக்கிறம்."

இப்போதும் ஆக்லாந்தில் மழை பிடித்துக்கொண்டால் அவர் நினைவு வருகிறது. மருமகனிடம் மழையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, அடுத்து என்ன சொல்லியிருப்பார்?