சாய்வாக எறிந்த கல்

நிலவின் குழிகள் எரிமலைகளால் உண்டானவை என்று நான் ஒருமுறை நிரூபித்திருக்கிறேன். திண்டுக்கல்லில், எங்கள் கல்லூரி அரங்கில், நிறைந்த அவையின் முன்னால். அது உண்மையன்று என்பது மேடைப்படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரியும்.

எங்கள் பேச்சு மன்றத்தில் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேச்சாளருக்கு இல்லை. சீட்டுக் குலுக்குவோம், கையில் வந்த பக்கத்தை உயிர்கொடுத்துக் காக்க வேண்டும். கருப்பா வெளுப்பா என்று கேட்டாலும் இருபக்கமும் பேசத் தெரிந்தவனே பேச்சாளன் என்று பயின்றவன் நான். அந்தப் பயிற்சியில் எனக்குப் பெருமை மிகுதி. அறிவியல் விழாவுக்காக அவ்வாண்டு வைத்த தலைப்பு, நிலவின் குழிகளை உண்டாக்கியது எரிமலையா, விண்கல்லா என்பது. எனக்கு எரிமலை வந்தது. விண்கல் வந்தது இயற்பியல் மூன்றாமாண்டு படித்த ஓர் அக்காவுக்கு.

அக்காவுக்கு அது போட்டி மட்டுமன்று. மதுரைக்குப் போய் முதுகலை படிக்க ஆசைப்பட்டார். செம்பட்டிப் பக்கம் தக்காளி பயிரிடும் அவருடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதை அக்காவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“மூணு வருசமா என்ன படிக்கிறேன்னு எங்கப்பாவுக்கு வெளங்கலையாம். நேர்ல வந்து கேக்குறேன், புரிஞ்சா அனுப்புறேன்னுட்டாரு. ஏலே தம்பி, பாத்துப் பேசு.”

“போட்டின்னு வந்துட்டா அக்கா தம்பியெல்லாம் கெடையாதுக்கா.”

“ஆமா, பெரிய இவரு!” என்று என் தலையில் குட்டிவிட்டுப் போனார்.

அன்று அவர் ஒரு பெரிய தாம்பாளத்தோடு மேடைக்கு வந்தார். அடியில் கோலமாவு, மேலே மெல்லிய செம்மண். கூழாங்கல் ஒன்றை உயரத்திலிருந்து போட்டார். வட்டமாகக் குழி விழுந்தது. செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு வெள்ளைக் கோடுகள் நாற்புறமும் தெறித்தன. நிலவின் இளங்குழிகளைச் சுற்றி இருக்கும் வெள்ளைக் கதிர்கள் இப்படி வந்தவைதாம் என்றார். வார்த்தைகளைத் தேடித்தேடித்தான் பேசினார். ஆனாலும் மூன்றாம் வரிசையில் அவருடைய அப்பா துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, தாம்பாளத்துக்குள் எட்டிப் பார்க்க முயன்றதை நான் கண்டேன்.

என் முறை வந்தது. நிலவின் கருந்திட்டுகளிலிருந்து தொடங்கினேன். அவை உறைந்துபோன எரிமலைக் குழம்பின் சமவெளிகள். அது மெய். பெரும் மோதல்கள் தோண்டிய பள்ளங்களில் பின்னாளில் வந்து நிரம்பிய குழம்பு அது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு குரலை உயர்த்தினேன்.

“அவையோரே! வானத்துக் கற்கள் அனைத்தும் செங்குத்தாகவே விழ வேண்டும் என்று ஆணையிட்டவர் யார்? சாய்வாக வந்த கல்லும் உண்டல்லவா? அதன் குழி நீண்டிருக்க வேண்டுமே! நிலவிலோ ஏறத்தாழ எல்லாமே வட்டம். அக்கா அவர்கள் ஒரு கல்லைச் சாய்வாக எறிந்து காட்டட்டும்.”

அவர் எறிந்தார். வெள்ளரிக்காய் நீளத்துக்கு மண் கிழிந்தது. அரங்கம் சிரித்தது.

“இது கையால எறியிற வேகம்ங்க. அங்க வர்ற கல்லு வந்து...” என்று அவர் ஒலிவாங்கியில் தொடங்கினார்.

“கையில் வேகம் போதவில்லையாம், அவையோரே! செம்பட்டியிலிருந்து ஓடி வந்து எறியட்டும். நான் காத்திருக்கிறேன்!”

கைதட்டல் அடங்குவதற்குள் நேர மணி அடித்துவிட்டது. அவர் ஒலிவாங்கியைத் தாம்பாளத்தின் அருகிலேயே வைத்துவிட்டார்.

அவர் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். முதல் நாள்தான் நூலகத்தில் படித்திருந்தேன். விண்கல் ஒரு நொடியில் பல கிலோமீட்டர் கடக்கும் வேகத்தில் வருகிறது. தரையில் அது சறுக்குவதில்லை. புகுந்த இடத்திலேயே வெடிக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தள்ளுவதால், கல் சாய்ந்து வந்தாலும் குழி வட்டமாகிறது. எதிரணி இதைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் மணி அடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டு அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தேன்.

கேடயத்தோடு இறங்கியபோது அவருடைய அப்பா என்னைத் தேடி வந்து கையைப் பற்றிக்கொண்டார்.

“ரொம்ப நல்லாப் பேசுனீங்க தம்பி. தெளிவா இருந்துச்சு. எம்புள்ளதான் பாவம், அதுவே கொழம்பிப்போயி நிக்கிது. அதுக்கு இது சரிப்பட்டு வராது போல.”

“நன்றிங்க ஐயா” என்றேன். அந்த இடத்தில் நான் சொன்னது அந்த இரண்டு சொற்களே.

மூன்று வாரங்கள் கழித்துத்தான் செம்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். அந்த நாள்களில் என் ஒப்புதலைப் பலவாறு எழுதி, அடித்து, மனப்பாடம் செய்திருந்தேன். களத்தில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் அப்பா முன்னால் நின்று, தொடக்கம், விளக்கம், முடிவு என்று பிசகில்லாமல் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு அப்பு. அன்னைக்குச் சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் எதைன்னு நம்புறது?”

தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். பெட்டியை இறக்கிவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசினார்.

“நம்ம கெணத்துல பாறைக்கு வெடி வச்சாங்கள்லப்பா. மருந்து வைக்கிற குழியச் சாய்ச்சுத்தான போட்டாங்க? வெடிச்சப்ப எப்படிப் பறிச்சுச்சு?”

“வட்டமாத்தான்.”

“அதேதான். அந்தக் கல்லு வர்ற வேகத்துக்கு அது கல்லு இல்ல, வெடி.”

அவர் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தார். “அம்புட்டுத்தானா? இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தாயி?”

“சொல்ல விட்டாகளா?”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. அவர் அப்பா கேட்டார்: “மதுரைக்கு எப்ப எழுதிப் போடணும்?”

“போன வெள்ளிக்கெழமையோட முடிஞ்சிருச்சுப்பா.”

“அடுத்த வருசம் போடலாம்ல?”

“போடலாம்” என்றார் அக்கா. அதற்குள் என்னென்ன நடக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஜாதகம் கொடுத்திருந்தார்கள்.

கிளம்பும்போது அவர் அப்பா ஒரு பை நிறையத் தக்காளியைக் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். அக்கா சாலைவரை வந்தார். பிற்பகல் வெயிலிலேயே சிறுமலைக்கு மேலே அரை நிலா வெளிறித் தெரிந்தது.

“ஏலே, அதை ஒரு தடவையாச்சும் நல்லாப் பாத்திருக்கியா?”

“படத்துல பாத்திருக்கேன்க்கா.”

பேருந்து வந்தது. முன் இருக்கையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். திண்டுக்கல்வரை நிலவு கண்ணாடிக்கு நேரேயே இருந்தது. அதன் கருந்திட்டுகளை வெறுங்கண்ணால் எண்ண முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.