உருகாத ஐஸ்க்ரீமும் உளறிய நானும்

பத்து நாளைக்கு முன்னால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டேன். அதுவும் அவர் செய்த ஐஸ்க்ரீமை இரண்டு கப் தின்றுவிட்டு!

சிங்கவரத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். மதியப் பந்தி. வடை, பாயசமெல்லாம் முடிந்து மரக்கரண்டியோடு ஐஸ்க்ரீம் கப் வந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஷெரீப் பாய் புதிதாகக் கடை போட்டிருக்கிறார் – அவருடைய சப்ளை. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போதுதான் ஐஸ்க்ரீம் தலைகாட்டுகிறது. எல்லோரும் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தபோது சமையல்காரர் ஏழுமலை பந்திக்கு நடுவே வந்து நின்றார்.

ஏழுமலையின் சோதனை எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். கல்யாண வீட்டுக்கு நெய் டின் வந்தால், ஒரு விரல் எடுத்து உள்ளங்கையில் வைப்பார். சட்டென்று உருகினால் அசல். கட்டியாக நின்றால் வனஸ்பதி கலந்தது. டின் வந்த வழியே திரும்பிப் போகும். அப்பீல் கிடையாது.

அன்று அதே உள்ளங்கையில் ஒரு கரண்டி ஐஸ்க்ரீமை வைத்துக்கொண்டார். பந்தியே வேடிக்கை பார்த்தது. கை சிவந்தது… விரல் விறைத்தது… ஐஸ்க்ரீம் லேசாகப் பளபளத்ததே தவிர வழியவில்லை.

"இன்னா சார் இது, உருகவே மாட்டுது? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாருங்கள், சரியாக அந்த நேரம் பார்த்து வீடியோக்காரன் என் முகத்தில் லைட் அடித்தான். காமிராவுக்கு முன்னால் எந்த பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்காரன் 'தெரியாது' என்பான்?

"கெமிக்கல், ஏழுமலை! மெழுகாக இருந்தாலும் ஆச்சரியமில்லை" என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

மறுநாள் செஞ்சி முழுக்க அதே பேச்சு. அதற்கடுத்த நாள் காலையில் ஷெரீப் பாய் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு டப்பா.

"சார், நான் உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? வெள்ளிக்கெழம கல்யாணத்துக்கு ஐஸ்க்ரீம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் எங்க சொந்தத்துலியே ஒரு நிக்கா… அவங்களே யோசிக்கறாங்க சார்! 'மெழுகு போடறியாமே'ன்னு மசூதி வாசல்ல வச்சுக் கேக்கறாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கறது?"

காப்பி கொண்டுவந்த என் மனைவி கமலா, அவருக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது கப்பு வாங்கினப்ப அந்தக் கெமிஸ்ட்ரி எங்க போயிருந்துச்சாம்?"

பாய் டப்பாவை நீட்டினார். "நான் போடறது இது ஒண்ணுதான். நீங்களே பாருங்க." உள்ளே வெள்ளைப் பொடி. மேலே இங்கிலீஷில் 'குவார் கம்' என்று லேபிள். அகராதியைப் புரட்டினேன். குவார் என்றால் என்ன தெரியுமா? சாட்சாத் நம் கொத்தவரங்காய்! அதன் விதையிலிருந்து எடுக்கிற பிசின் மாவு. அடப்பாவி, வாரம் ஒரு நாள் நான் பொரியலாகத் தின்கிற சமாச்சாரம்!

விஷயம் இவ்வளவுதான். நெய் முழுக்கக் கொழுப்பு. உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். வனஸ்பதிக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். ஆகவே நெய்க்கு ஏழுமலையின் உள்ளங்கை சரியான நீதிபதி. ஐஸ்க்ரீம் கேஸ் வேறு கோர்ட்டுக்குப் போக வேண்டியது. அதில் பால், பொடிப்பொடியாக ஐஸ், கடையும்போது உள்ளே புகுந்த காற்று. காற்று, சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. ஐஸ் உருகித் தண்ணீரானாலும், இந்த மாவு அதைக் கூழாகப் பிடித்துக்கொண்டு ஓடவிடாது. ஆக, பாயின் ஐஸ்க்ரீம் உருகாமல் இல்லை… உருகிவிட்டு நிற்கிறது!

மனிதர்களும் அப்படித்தான் இல்லையா? எதிரே உட்கார்ந்திருந்த பாய் குரலை உயர்த்தவில்லை, கண் கலங்கவில்லை. அதற்காக உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றா அர்த்தம்? எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐஸ்க்ரீமில் போடுகிற பொடி, கலர், எசென்ஸ் எல்லாவற்றுக்கும் நான் சர்டிபிகேட் தரவில்லை. என்ன பொடி, எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும். நான் கேட்காமலே தீர்ப்பு எழுதியவன்!

புதன்கிழமை, உச்சி வெயில். கடை வாசலில் பெஞ்சு போட்டு இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றில் வழக்கமான ஐஸ்க்ரீம். இன்னொன்று மாவு போடாமல் பாய் தனியாகச் செய்தது. நீதிபதி – வேறு யார், ஏழுமலைதான். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். மாவு போடாதது கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க ஓடி, பெஞ்சில் சொட்டியது. மற்றது மெதுவாகத் தொய்ந்தது, அவ்வளவுதான்.

ஏழுமலை, மாவு போடாததில் உருகாமல் பாக்கி இருந்ததை வாயில் போட்டார். "இது நறநறன்னு மணலு மாதிரி இருக்குது பாய்." இன்னொன்றையும் ருசி பார்த்தார். இன்னொரு வாய். இன்னொரு வாய். "சரி, இதுல இன்னாதான் போடற?"

"கொத்தவரங்கா வெத மாவு."

"அட, இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாய்யா!" என்று ஏழுமலை போட்ட சிரிப்பில் கூட்டமே சிரித்தது. நான் பெஞ்சு மேல் ஏறி, "தப்பு என்னுடையது. பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தில் பாயின் ஐஸ்க்ரீம்தான். நிக்கா வீட்டாரும் ஆள் அனுப்பிவிட்டார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று சாயங்காலம் என் மகள் உமாவைப் பாயின் கடைக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வாசலில் பிள்ளைகள் கூட்டம்… ஒருவரும் உள்ளே போகவில்லை.

"எனக்கு வேணாம்பா" என்று உமாவும் கையை இழுத்துக்கொண்டாள். "அதுல கொத்தவரங்கா இருக்குதாம். உவ்வே!"

கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"சார், மெழுகுன்னு சொன்னப்பகூட இதுங்க வந்து வாங்கித் தின்னுச்சுங்க. நீங்க கெட்டது சொன்னா பெரியவங்க போறாங்க, நல்லது சொன்னா பசங்க போவுது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்… பத்திரிகையில கித்திரிகையில இத எழுதிடாதீங்க!"

சத்தியமாக எழுத மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.