மிளா கிடந்த சரிவு

மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில் யூசுப் முதலாளியின் சுக்குக் கிடங்கில் என் வீட்டுக்காரர் இசக்கிராஜா இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கினார். அங்கே அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் "அண்ணாச்சி", வாய்க்கொழுப்பு ஏறினால், தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்கிற "எடா பாண்டி". அதே மனிதரிடம் காட்டுக்குள் பெரிய படிப்புப் படித்தவர்கள் "இசக்கி சேட்டா, எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டு, அவர் கை காட்டும்வரை மூச்சு விடாமல் நின்றிருக்கிறார்கள். நான் அமுதவள்ளி. அவருக்குக் கழுத்தை நீட்டிய பாவத்துக்கு ஒன்றைப் பார்த்தவள், மற்றதைக் கேட்டவள்.

அந்தக் காட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எவனாவது வம்புக்கு வருவான். கிழக்கே, ஒரு நாள் பயணம். பதினைந்து வருடத்துக்கு முன் தோப்பும்படியில் கூலிக்கு ஆள் பிடிக்க ஒரு ஜீப் வந்தது. மிளாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற சுபாஷிணி டீச்சருக்குக் கூடாரம் சுமக்க நாலு பேர் வேண்டுமாம். மிளா தெரியும்தானே? கடமான் என்பார்கள், புள்ளியில்லாத பெரிய சாதி. கிடங்கில் வேலை இல்லாத வாரம், இவரும் ஏறிப் போனார். மலையேறும் வழியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "டீச்சர், இந்தப் புல்லு காத்துல சாஞ்சது இல்ல. என்னமோ படுத்து எந்திரிச்சிருக்கு" என்றாராம். புறங்கையை வைத்துப் பார்த்தால் மண் வெதுவெதுப்பாக இருந்ததாம். டீச்சர் மூன்று மாதமாகத் தேடிக் கிடைக்காத இடம் அது. அன்றைக்கு இறக்கிய சுமையை அவர் மறுபடி தூக்கவில்லை. வேறு ஆள் தூக்கினான்.

மிளா ராத்திரி மேயும், பகலில் படுக்கும். கண்ட இடத்தில் படுக்காது. உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இல்லை, உச்சிக்குக் கொஞ்சம் கீழே. காற்று முதுகில் படவேண்டும், கண் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவனை மூக்கு சொல்லிவிடும், முன்னால் வருகிறவனைக் கண் சொல்லிவிடும். ஆட்டுக்குச் சொல்வது போல அந்த இடத்தைக் கிடை என்பார் இவர். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதினைந்து வருடமாக என் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தது இந்தப் பேச்சுதான்.

வருடத்துக்கு இரண்டு முறை டீச்சர் கூப்பிடுவார். கூப்பிட்டால், கிளம்புகிறவரை என் வீட்டில் எட்டு நாள் இழவு விழுந்த மாதிரிதான். கிடங்குக்குப் போக மாட்டார். சோப்புப் போட மாட்டார். சட்டையைப் பச்சைத் தண்ணீரில் அலசி, தெருக்கோடி மழைமரத்தின் சருகோடு சேர்த்து மூட்டை கட்டி வெளியே வைப்பார். மீன் பொரிக்கக் கூடாது, மசாலா தாளிக்கக் கூடாது, கஞ்சியும் உப்பும்தான். "மனுச வாடை வந்தா மிளா எந்திரிச்சு நின்னு யோசிக்கும்ட்டி. சுக்கு வாடை வந்தா யோசிக்காது, ஓடிரும்" என்பார். எங்கேயோ காட்டில் கிடக்கிற மிருகம் மட்டாஞ்சேரியில் என் அடுப்பில் என்ன வேகவேண்டும் என்று முடிவு செய்தது. கேட்டீர்களா கூத்தை!

இன்னொரு கிறுக்கும் உண்டு. கணக்கெடுப்பு நோட்டில் எழுதக் கேட்டால், காலடி கண்டால் காலடி என்று சொல்வார், சத்தம் கேட்டால் சத்தம் என்று சொல்வார். கண்ணால் பார்த்தால் மட்டும்தான் மிளா என்பார். கூட வந்தவர்கள் சத்தத்தையும் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றுவார்களாம். இவர் மாட்டார். அதனால்தான் இவர் வாயிலிருந்து வருவதை டீச்சர் அப்படியே எழுதிக்கொள்வார்.

போன வருடம் அந்தக் காட்டில் ஒரு கம்பெனிக்காரன் சுற்றுலாக் குடில் கட்டவும் ரோடு போடவும் சரிவு ஒன்றைக் கேட்டான். இவர் கண்டுபிடித்த சரிவு அது. ஆறு கிடை. அதில் ஒன்று குட்டியோடு படுக்கிற கிடை. டீச்சர் எங்கெங்கோ மனுக் கொடுத்து அலைந்தார். கடைசியில், ராமபத்ரன் என்ற பெரிய ஆபீசர் தலைமையில் நாலு பேர் ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பார்கள், மிளா அங்கே படுப்பது உண்மையானால் சரிவை விட்டுவிடுவார்கள் என்று முடிவானது.

"நாம காட்டலேன்னா அதுக எங்கட்டி போவும்?" என்று மூன்று நாள் இதையே சொன்னார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் பாருங்கள், இருபது வருடத்தில் அவர் எனக்குப் புடவை வாங்கித் தந்தபோதுகூட அப்படி உருகின முகத்தை நான் பார்த்ததில்லை.

அது மழைக்காலம். அதற்கு முந்தின தடவை பிளாஸ்டிக் மழைக்கோட்டு சரசரத்து ஒரு மிளா ஓடிவிட்டது என்று புலம்பியிருந்தார். சத்தம் போடாமல் மழை தாங்குவது சாக்குதான். கிடங்கில் எல்லாரும் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டுதான் மழையில் மூட்டை ஏற்றுவார்கள். வீட்டில் கிடந்த கிடங்குச் சாக்கு ஒன்றை எடுத்து மூன்று தண்ணீரில் அலசினேன், மொட்டை மாடியில் காயப்போட்டேன், முகத்தில் வைத்து அழுத்தி மோந்தேன். ஒரு வாடையும் இல்லை. மடித்துப் பையின் அடியில் வைத்தேன். மட்டாஞ்சேரியில் இருபது வருடம் மூச்சு விட்ட மூக்குக்குச் சுக்கு வாடை எங்கே தெரியப் போகிறது? இந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு வரவில்லை.

அவர் மூக்கும் அதே மூக்குதானே! ஆபீசர்கள் வந்த அன்று காலை மழை பிடித்ததும், பழகிய கை சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. குழுவை எதிர்ச் சரிவில் நிற்க வைத்துவிட்டு, கிடையில் மிளா இருக்கிறதா என்று பார்க்க இவர் மட்டும் முன்னால் போயிருக்கிறார். சரியான பக்கமாகத்தான் ஏறினாராம். பாதி வழியில் காற்று திரும்பிவிட்டது. நனைந்த சாக்கு சுக்குக் கஷாயம் மாதிரி மணத்திருக்கும். மூடுபனிக்குள்ளிருந்து "பாங்" என்று ஒரு மிளாவின் கத்தல். அடுத்து குளம்புச் சத்தம், ஒன்றல்ல, பல. பனியில் ஒரு வாலைக்கூட இவர் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் புறங்கையை வைத்தால் ஆறு கிடையும் சூடு. சுற்றிலும் ஈரம், கிடைக்குள் மட்டும் புல் காய்ந்து கிடந்ததாம்.

குழு அங்கே ஏறி வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மழை அடித்த அடியில் சூடும் போய், காய்ந்த புல்லும் போய், எல்லாம் சேறு. ராமபத்ரன் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இது பன்னி கிடந்ததாயும் இருக்கலாமே" என்றாராம்.

"இல்ல சார், மிளாதான். இப்பத்தான் எந்திரிச்சு ஓடிச்சு."

"நீ கண்ணால கண்டோ?"

டீச்சர் இவரையே பார்த்தாராம். கூட இருந்த மூன்று பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்களாம். ஒரு வார்த்தை. கண்டேன் சார், ஆறு கண்டேன் சார். அவ்வளவுதானே! என் வீட்டுக்காரர், அந்த அரிச்சந்திரன், என்ன சொன்னார் தெரியுமா? "சத்தம் கேட்டேன் சார். காணலை."

எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகியா போயிரும்?" என்று கத்தினேன். அவர் பையிலிருந்து சாக்கை எடுத்து வைத்தார். இன்னும் ஈரம் காயவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே மணத்தது. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அடுத்த மூன்றாம் மாதம் யூசுப் முதலாளி கிடங்கைக் காலி செய்து வெள்ளைக்காரர்களுக்குக் காப்பிக்கடை வைத்தார். காப்பிக்கடைக்கு எதற்கு மூட்டை தூக்குகிறவர்? இவர் தோப்பும்படி மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனார், இடுப்பு பிடித்துக்கொண்டு திரும்பினார். சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள் அந்தச் சரிவை வாங்கிக் குடில் கட்டிவிட்ட கம்பெனியின் மேனேஜர், நிகில் என்று ஒரு பையன், போன் பண்ணினான். மலைப்பாதை தெரிந்த ஆள் வேண்டுமாம், விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் வயிறு இருக்கிறதே!

மாதம் ஒருமுறை வருவார், அழுக்குத் துணியோடு. போன ஞாயிற்றுக்கிழமை அவர் கால்சட்டையை ஊறவைக்க எடுத்தேன். முழங்கால் இரண்டிலும் பச்சைக் கறை, இடுப்புப் பக்கமும் பச்சை. சட்டையின் தோளிலும்.

"என்ன, விழுந்து எந்திரிச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மிளா எல்லாம் ரோடு போடயிலேயே போயிட்டுட்டி. வாரவங்க மிளா படுத்த இடம் பாக்கணும்காங்க. நிகில் சொன்னான், காலையில அவங்க எந்திரிக்கதுக்கு முன்ன நீங்க போயிப் புல்லை அமுக்கி வச்சிருங்கன்னு. காலால மிதிச்சா தட்டையா தெரியும். அதான் நானே படுத்து உருளுதேன்."

"கேக்கவங்க கிட்ட என்ன சொல்லுதீங்க?"

"கண்டேன்னு சொல்லுதேன்."

கையிலிருந்த கால்சட்டையை அவர் முன்னால் வீசினேன். "இந்தப் பொய்ய அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா அதுக இன்னும் அங்கனயே கெடக்கும்லா! அன்னிக்கு எங்க போச்சு இந்த வாயி?"

அவர் குனிந்து கால்சட்டையை எடுத்து வாளிக்குள் போட்டார்.

"அன்னிக்கு மிளா இருந்துச்சேட்டி" என்றார். "இருக்கதச் சொல்லதுக்குப் பொய் எதுக்குன்னு நெனச்சிட்டேன்."